சிவானந்தனுக்குப் பின்னிய பொன்னாடை

சிவானந்தனுக்கு ஒரு பொன்னாடை பின்னித் தரவேண்டும் என்று குலசேகரம் கேட்டபோது கனகாம்பிகைக்கு வாய்க்குள் புளித்துக்கொண்டு வந்தது. பித்தம் ஒன்றுமில்லை. காலையில் தின்றது பாணும் சம்பலும்தான், அதில் ஒரு பிழையும் இல்லை. அந்த ஆளின் பெயரும் பொன்னாடையும் ஒரே மூச்சில் வந்து காதில் விழுந்ததால் வந்த புளிப்பு.

"கடைப் பொன்னாடை போத்தினால் என்ன மதிப்பு, கனகம்? நீங்கள் பின்னிற உந்தச் சிவப்புக் கம்பளியிலையே ஒண்டு போத்தினால் தனி வடிவு. வெள்ளைக்காரரும் வாயைப் பிளப்பினம்," என்றார் குலசேகரம். லண்டனில் தோர்ண்டன் ஹீத் பக்கத்துத் தமிழர் ஒன்றியத்துக்குப் பதினேழு வருடமாக அவர்தான் தலைவர். வேறொருவரும் அந்தக் கதிரையில் குந்திப் பார்த்ததில்லை.

"காணாமல் போன பொம்பிளையளுக்கு எண்டு வந்த நூலெல்லோ அண்ணை இது?"

"மிஞ்சிற நூல்தானே. அதோட, நூல் தந்ததே சிவானந்தன்."

அதுதான் உண்மை. அதை நினைக்கத்தான் அவளுக்கு இன்னும் புளித்தது.

இந்தக் கம்பளிக் கதையைத் தொடக்கியது தமிழர் அல்ல. லைப்ரரியில் வியாழக்கிழமை தோறும் கூடுகிற பின்னல் கூட்டத்தில் எட்டு ஒன்பது பெண்கள் இருந்தார்கள். கனகாம்பிகை டென்மார்க்கில் அகதி முகாமில் இருந்த காலத்தில் குளிருக்குப் பின்னப் பழகியவள். லண்டனுக்கு வந்த பிறகும் ஊசியை விடவில்லை. அந்தக் கூட்டத்துக்கு ஸ்ட்ரெதத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள் டார்லீன். நேர்ஸ். கனடாவின் பூர்வகுடிப் பெண், க்ரீ இனத்தவள். ஒருநாள் அவள் தன் சின்னம்மா வேர்னாவின் கதையைச் சொன்னாள். வேலை தேடி நகரத்துக்குப் போன வேர்னா திரும்பி வரவில்லை. வீட்டார் பொலிசிடம் போனபோது, எங்காவது குடித்துவிட்டுக் கிடப்பாள், இல்லாவிட்டால் எவனோடாவது ஓடியிருப்பாள், வருவாள் போங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நாற்பது வருடமாகியும் வரவில்லை. அப்படிப் போன பூர்வகுடிப் பெண்கள் அங்கே ஒருவர் இருவர் அல்லவாம். அவர்கள் நினைவாக மரங்களிலும் வேலிகளிலும் சிவப்புக் கம்பளியைப் பின்னிச் சுற்றிக் கட்டவேண்டும், போகிறவர் வருகிறவர் நின்று பார்த்துத்தான் போகவேண்டும் என்பது அவளுடைய ஆசை.

"ஒரு பெண் ஓடிவிட்டாள் என்று சொல்லிவிட்டால் போதும், அதற்குப் பிறகு ஒருவரும் அவளைத் தேடவேண்டியதில்லை," என்று டார்லீன் இங்கிலிஷில் சொன்னாள். சும்மா, தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு சொன்னாள். கனகாம்பிகையின் கையிலிருந்த ஊசி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அன்றைக்குப் பின்னிய பத்து வரிசையையும் அவள் அவிழ்க்கவேண்டி வந்தது.

டார்லீன் வைத்த விதிகள் கொஞ்சம்தான். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பெயர் இருக்கவேண்டும். அது உங்களுக்குத் தெரிந்த, மெய்யான ஒரு பெண்ணின் பெயராக இருக்கவேண்டும். கட்டும்போது அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவேண்டும். மேடை வேண்டாம், பேச்சு வேண்டாம்.

எங்கள் ஆட்கள் இருக்கிற இடத்தில் மேடை இல்லாமலா? கவுன்சில் அனுமதி கொடுத்த செய்தி குலசேகரத்தின் காதுக்கு எட்டியதுதான் தாமதம், "எங்கட பெண்களும் காணாமல் போனவைதானே" என்று உள்ளே நுழைந்துவிட்டார். அது உண்மையான கதைதான். அதைச் சொல்ல அவருக்கு உரிமையும் இருந்தது. ஆனால் அவர் நுழைந்த வேகத்தில் மங்கள விளக்கு நுழைந்தது, பிரதம விருந்தினர் நுழைந்தார், ஒலிபெருக்கி நுழைந்தது. நோட்டீஸ் அடித்து வந்தபோது கனகாம்பிகை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மேலே சிவானந்தனின் கடைப்பெயர் கொட்டை எழுத்தில். நடுவில் சிவானந்தன், சிரித்தபடி. காணாமல் போன பெண்கள் கடைசியில், மட்டன் றோல்ஸ் பரிமாறப்படும் என்ற வரிக்கும் கீழே. டார்லீனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பாவம், அவள் எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சிவானந்தனைக் கனகாம்பிகைக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தவன். அப்போது கடை இல்லை, வேறொருவரின் கடையில் பெட்டி தூக்கினவன். அவனுக்கு ஒரு மனைவி இருந்தாள், துசியந்தி. ஒல்லியான பிள்ளை. சிரித்தால் வாயைக் கையால் பொத்திக்கொள்வாள். கண் பார்வை மகா மோசம். கண்ணாடி இல்லாவிட்டால் பஸ் முகத்துக்கு நேரே வந்து நின்றாலும் நம்பர் தெரியாது. "அக்கா, இது எத்தினையாம் நம்பர்?" என்று கேட்டுக் கேட்டுத்தான் இருவரும் சினேகமானார்கள்.

ஒரு காலை துசியந்தி பின்கதவால் வந்தாள். உதடு வெடித்திருந்தது. கையில் கண்ணாடி, ஒரு பக்கம் கால் முறிந்து, சட்டம் நசுங்கி. கனகாம்பிகை உறைந்த பட்டாணிப் பையை எடுத்து உதட்டில் வைத்தாள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், கண்ணாடியை வாங்கி, நான் கடையில் கொடுத்து வேறு சட்டம் போட்டுத் தருகிறேன் என்றாள். இதெல்லாம் நல்ல காரியங்கள்தான். அதற்குப் பிறகு வாயைத் திறந்து, "குடும்பமெண்டால் அப்பிடி இப்பிடித்தான் பிள்ளை, கொஞ்சம் பொறுத்துப் போ," என்றும் சொன்னாள். பிறகு துசியந்தி வீட்டுக்குப் போய்விட்டாள். பதினொரு வருடமாகக் கனகாம்பிகை தனக்குத் தானே சொல்லிக்கொண்டது அப்படித்தான்: அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் சிவானந்தன் தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டான். துசியந்தி ஜேர்மனியில் லொறி ஓடுகிற ஒருவனோடு ஓடிவிட்டாளாம். ஐயோ, சனம் அந்தக் கதையைத் தின்ற மாதிரி வேறொன்றையும் தின்றதில்லை. கோயிலில், கல்யாண வீட்டில், தேர்முட்டியில், பிறந்தநாள் விழாவில் எல்லாம் அந்த லொறிக்காரன்தான். ஒருவர் அவனுக்கு மீசை வைத்தார், இன்னொருவர் ஊர் வைத்தார். பொலிசுக்குச் சொன்னீர்களா என்று ஒரு நாயும் கேட்கவில்லை. குடும்ப மானம் போகுமாம். கனகாம்பிகையும் நாலு பேரிடம் அந்தக் கதையைச் சொன்னாள். அதை நினைத்தால் தன் நாக்கைத் தானே வழித்தெறிய வேண்டும் போல் அவளுக்கு இருந்தது.

ஏனென்றால் அன்றைக்கே அவளுக்குத் தெரியும். அவன் தலையில் அடித்துக்கொண்ட அதே நாள் பின்னேரம்தான் கண்ணாடிக்கடையில் இருந்து புதுச் சட்டம் போட்ட கண்ணாடி வந்தது. பஸ் நம்பர் தெரியாத பிள்ளை கண்ணாடி இல்லாமல் ஜேர்மனிக்கு ஓடியதா? கனகாம்பிகை அந்தக் கண்ணாடியைக் கூட்டோடு அலுமாரி லாச்சிக்குள் வைத்தாள். வைத்ததுதான். லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் கை அதற்கு அப்பால் விலகிப் போய் வேறு சாமானை எடுத்தது.

பதினொரு வருடத்தில் சிவானந்தன் அரிசியிலிருந்து கம்பளி நூல் வரை விற்கிற ஒரு கடைக்கு முதலாளியானான். பாரிஸில் இருந்து பிரசாந்தினி என்ற பெண்ணைக் கோயிலில் தாலி கட்டிக் கூட்டி வந்தான். பதிவு கிதிவு ஒன்றும் இல்லை, தாலியோடு சரி. ஊர் திரண்டு போய்ச் சாப்பிட்டது. லொறிக்காரன் கதையை மட்டும் புதுப்பெண்ணின் காதுக்கு ஒருவரும் கொண்டுபோகவில்லை. கனகாம்பிகையும் போய்ச் சாப்பிட்டாள். அவனுடைய கடையில்தான் அரிசி வாங்கினாள். "அக்காவுக்கு" என்று அவன் பைக்குள் போட்டுவிடும் கறிவேப்பிலையையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இந்த லட்சணத்தில் ஊரைக் குறை சொல்ல அவளுக்கு என்ன வாய் இருக்கிறது?

இப்போது அவன் காணாமல் போன பெண்களுக்கு நூல் கொடுக்கிறான். அதே நூலில் அவனுக்குப் பொன்னாடை வேண்டுமாம். த்தூ!

"என்ன கனகம், யோசிக்கிறியள்? ஏலாதெண்டால் சொல்லுங்கோ," என்றார் குலசேகரம்.

"ஏலும் அண்ணை," என்றாள் கனகாம்பிகை. "நானே பின்னித் தாறன்."

மூன்று கிழமை பின்னினாள். பேரப்பிள்ளையின் கணக்குக் கொப்பியில் இருந்து சதுரத் தாள் கிழித்து, ஒரு சதுரத்துக்கு ஒரு கண்ணி என்று எழுத்துக்களை வரைந்துகொண்டாள். இங்கிலிஷ் எழுத்தென்றால் நேர்கோடு, இரண்டு நாள் வேலை. தமிழ் எழுத்துக்கு வளைவுகள், சுழிகள். 'சி'யின் மேல்வளைவு மூன்று முறை கோணியது. மூன்று முறையும் அவிழ்த்தாள். கடைசி எழுத்துக்கு வந்தபோது வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. சிவானந்தனின் கடைக்கே போய் ஒரு பந்து வாங்கினாள். அவன் காசு வேண்டாம் என்றான். அவள் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். பின்னி முடித்து, ஈரத்துணி போட்டு அயர்ன் பண்ணி, பெயர் உள்ளே போகும்படி மடித்து, மெல்லிய தாளில் சுற்றி, விழாவன்று காலை குலசேகரத்தின் கையில் கொடுத்தாள். அவர் பிரித்துப் பார்க்கவில்லை. பொன்னாடையை யாராவது பிரித்துப் பார்ப்பார்களா?

சனிக்கிழமை பதினொரு மணிக்கு விழா. லைப்ரரிக்கு முன்னால் உள்ள மூன்று மரங்களுக்கும் கம்பி வேலிக்கும் கட்டுவதாக ஏற்பாடு. குத்துவிளக்கை ஏற்ற ஏற்றக் காற்று அணைத்தது. பிரசாந்தினி வாசலில் பன்னீர்ச் செம்போடும் சந்தனக் கிண்ணத்தோடும் நின்றாள். வெயில் சுட்டும் நீளக் கைச் சட்டைதான் போட்டிருந்தாள். கனகாம்பிகைக்குச் சந்தனம் வைக்கக் கை நீட்டியபோது சட்டைக்கை மேலே ஏறியது. மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் அளவில் நீலம் பாரித்திருந்தது. பிரசாந்தினி உடனே கையை இறக்கிக்கொண்டாள். கனகாம்பிகை எதையும் காணாதவள் போல நெற்றியைக் காட்டினாள். பிறகு போய்க் கதிரையில் இருந்தபோதுதான், திரும்பவும் அதே வேலையைத்தான் செய்தேன் என்று அவளுக்கு உறைத்தது. சந்தனம் நெற்றியில் காய்ந்து இழுத்தது. துடைத்து எறிந்தாள்.

பிறகு பேச்சுகள். "எமது குலப்பெண்களின் கண்ணீரை" என்று குலசேகரம் தொடங்கினார். அது முடிய இருபது நிமிடம். றோல்ஸ் பொரித்த எண்ணெய் மணம் மேசையிலிருந்து கிளம்பிச் சனத்தின் மூக்கில் ஏற, கண்ணீரைப் பற்றிப் பேச்சு நடக்கும்போதே பாதிப் பேர் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டார்லீன் தன் வேர்னாவின் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, தனக்கு ஒரு சொல்லும் விளங்காத பேச்சை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கக் கனகாம்பிகைக்கு வெட்கமாக இருந்தது.

"இனி எமது பெருங்கொடையாளருக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்போம்!"

வேட்டிக்கு மேலே கோட்டுப் போட்ட சிவானந்தன் எழுந்து கும்பிட்டான். குலசேகரம் தாளைப் பிரித்து, முன்னால் நின்றபடி கையை அகல விரித்து அவன் தோளில் போட்டார். முன்பக்கம் வெறும் சிவப்பு. கமராக்கள் முன்னால்தானே நிற்கும்! கிளிக், கிளிக். சனம் கைதட்டியது. "முதல் துண்டை அவரே மரத்தில் கட்டுவார்," என்றார் குலசேகரம்.

சிவானந்தன் மரத்தை நோக்கித் திரும்பினான். முதுகு சனத்துக்கு நேரே வந்தது.

துசியந்தி.

வெள்ளை எழுத்து, ஒரு தோளிலிருந்து மறுதோள் வரை. அவன் கையை உயர்த்தி மரத்தைச் சுற்றிக் கட்டக் கட்ட, எழுத்து அசைந்தது. முன்வரிசை வாசித்தது. பிறகு அடுத்த வரிசை. கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். லொறிக்காரனுக்கு மீசை வைத்தவரும் அங்கே இருந்தார், ஊர் வைத்தவரும் இருந்தார். அறுபது எழுபது பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். ஒருவரும் எழும்பவில்லை. ஒருவர் இருமினார். பிறகு, கேளுங்கள், யாரோ பின்னால் இருந்து கைதட்டத் தொடங்க, எல்லாரும் சேர்ந்து தட்டினார்கள். தட்டிவிட்டு றோல்ஸ் மேசைக்கு எழுந்து போனார்கள்.

கனகாம்பிகை கதிரையில் இருந்தபடி பார்த்தாள். பெயரைக் கண்டதும் சனம் கேட்கும், ஒருவராவது கேட்பார் என்று மூன்று கிழமையும் நம்பிக்கொண்டு பின்னினாளே, அந்த மடத்தனத்தை என்ன சொல்வது? அவள் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பெயரும் பொன்னாடையோடு மடிபட்டு அவன் வீட்டு அலுமாரிக்குள் போய்விடும்.

டார்லீன் மட்டும்தான் கேட்டாள். "அவருடைய முதுகில் என்ன எழுதியிருக்கிறது, கனகா?"

"ஒரு பெயர்."

"அப்படியானால் சொல்லவேண்டும். சத்தமாக."

கனகாம்பிகை எழுந்தாள். ஒலிபெருக்கி ஒருவரும் இல்லாமல் நின்றது. அதற்கு முன்னால் போனாள்.

"துசியந்தி!" என்றாள். மேசையில் கைகள் நின்றன. "சிவானந்தன்ர மனுசி. பதினொரு வருசமாக் காணேல்லை. ஒருத்தரும் தேடேல்லை, நானும் தேடேல்லை." அதையே டார்லீனுக்காக இங்கிலிஷிலும் சொன்னாள்.

குலசேகரம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "கனகம், இதென்ன விசர் வேலை! வீட்டுக் கதையளை வெள்ளைக்காரருக்கு முன்னாலை கொண்டுவந்து கொட்டுறியளே! ஒன்றியத்தின்ர மானமெல்லோ போகுது!" அவருடைய கையில் அரைவாசி கடித்த றோல் இருந்தது.

"உங்கட மானத்தை உந்த றோலோட சேத்து விழுங்குங்கோ அண்ணை," என்றாள் அவள்.

சிவானந்தன் பொன்னாடையைக் கழற்றி எழுத்தைப் பார்த்தான். முகம் ஒரு கணம்தான் மாறியது. பிறகு சிரித்துக்கொண்டு, அதை வடிவாக மடித்துக்கொண்டு வந்தான். "அக்காவுக்கு வயசு போட்டுது. ஒருத்தரும் கோவிக்காதேங்கோ," என்று சனத்துக்குச் சொன்னான். கிட்ட வந்து, குரலைக் குறைத்து, "ஓடிப்போனவளுக்கு ஏன் அக்கா நினைவுச் சின்னம்? லொறிக்காரனோட ஓடினவள் எண்டு உங்களுக்குத் தெரியாதே? நீங்களும் சொல்லித் திரிஞ்சனீங்கள்தானே," என்றான்.

அவன் குரலைக் குறைத்ததை ஒலிபெருக்கி குறைக்கவில்லை. வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றவளுக்கும் அது கேட்டது.

"ஓடினவவோ?" என்றாள் பிரசாந்தினி. அவள் சத்தமாகப் பேசி அந்தச் சனம் கேட்டதே இல்லை. "அவ கான்சரிலை செத்தவ எண்டெல்லோ எங்கட அம்மாவுக்குச் சொன்னனீங்கள்? காடாத்தின சாம்பலைக் கடலிலை கரைச்சது எண்டும் சொன்னனீங்கள்."

சிவானந்தன் திரும்பி அவளைப் பார்த்தான். பார்த்த பார்வையிலேயே செம்பு அவள் கையில் சரிந்து பன்னீர் நிலத்தில் சிந்தியது. மேசைக்கருகில் நின்றவர்கள் தங்கள் தங்கள் கடதாசித் தட்டைப் பார்த்தார்கள். இரண்டு கதையும் அவர்கள் காதிலேயே மோதின. ஓடியவள் சாம்பலாவது எப்படி என்று கணக்குத் தெரியாத சனமா அது? ஒருவர் சட்னி எங்கே என்று கேட்டார்.

சீ! இந்தச் சனத்துக்கு நடுவில் இனி ஒரு நிமிடமும் நிற்கக் கனகாம்பிகைக்கு ஏலவில்லை. நேரே வாசலுக்குப் போனாள். பிரசாந்தினியின் கையில் இருந்த செம்பை வாங்கிக் கீழே வைத்தாள். சட்டைக்கையை மேலே இழுத்தாள். இம்முறை பார்த்தாள்.

"அக்கா, நான் வீட்டை போகவேணும். பிந்தினால் அவர்..." என்றாள் பிரசாந்தினி.

"நீ அந்த வீட்டை போகேல்லை," என்றாள் கனகாம்பிகை. "என்னோட வாறாய்."

"எங்கை?"

"முதல் என்ர வீட்டை. ஒரு சாமான் எடுக்கவேணும். பிறகு பொலிசுக்கு."

சிவானந்தன் இரண்டு அடி வைத்தான். டார்லீன் வேர்னாவின் துண்டைக் கையில் பிடித்தபடி இடையில் வந்து நின்றாள். அவள் விலகவில்லை. பெரிய உடம்பு அவளுக்கு. அவன் நின்றுவிட்டான். அந்த இடைவெளியில் இரண்டு பெண்களும் தெருவைக் கடந்து பஸ் ஏறினார்கள்.

பொலிஸ் நிலையத்தில் ஒன்றரை மணித்தியாலம் இருக்கவேண்டி வந்தது. பிரசாந்தினியைக் கூப்பிட்டு வேறு அறைக்குக் கூட்டிப் போனார்கள். கனகாம்பிகைக்கு முன்னால் ஒரு இளம் பெண் பொலிஸ் வந்து இருந்தாள். காணாமல் போனவரின் பெயரைக் கேட்டாள். கனகாம்பிகை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். எப்போதிருந்து காணவில்லை என்று கேட்டாள். அதையும் சொன்னாள். பதினொரு வருடம் என்றதும் அந்தப் பெண்ணின் பேனா கொஞ்சம் நின்று, பிறகு எழுதியது.

கனகாம்பிகை கண்ணாடிக் கூட்டை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தாள். தடித்த கண்ணாடி, புதுச் சட்டம். ஒருநாளும் யாருடைய காதிலும் ஏறாதது. "இது இல்லாமல் அவளுக்குப் பஸ் நம்பர் தெரியாது," என்றாள் இங்கிலிஷில். கண்ணாடிக்கடைக்காரர் தந்த ரசீதும் கூட்டுக்குள் திகதியோடு கிடந்தது.

பொலிஸ்காரி கூட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியாக அவரை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

பதினொரு வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம் நாக்கு நுனிவரை வந்தது: அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். கனகாம்பிகை அதை விழுங்கினாள்.

"அவனுடைய வீட்டு வாசலில்," என்றாள். "அவள் போகமாட்டேன் என்று அழுதாள். கண்ணாடி இல்லை, வழி தெரியாது. நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். பெல்லை அடித்ததும் நான்தான்."